கம்பிக்குக் கால் கட்டியவர்

அவரை இப்போது எங்கள் பழைய குடியிருப்புக்காரர்கள் "வீட்டைத் தின்னவன்" என்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அதற்கு முன்னால் முப்பது வருஷத்துக்கு மேல் அவர் பெயர் கொக்கி.

கம்பி கட்டுகிறவர்கள் கையில் ஒரு கொக்கி இருக்கும். கட்டுக்கம்பியை அதில் மாட்டி இரண்டு முறுக்கு முறுக்கினால் கம்பியும் கம்பியும் இறுகிக்கொள்ளும். மற்றவர்கள் வேலை முடிந்ததும் அதைப் பையில் போட்டுவிடுவார்கள். இவர் இடுப்பில் செருகியபடியே வீட்டுக்கு வருவார், சாப்பிட உட்காருவார், எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் கைதூக்கி ஓட்டுப் போடுவார். "பொண்ணு பாக்க வந்தப்பவும் அதோடதான் வந்தாரு. எங்கப்பா பயந்துட்டாரு" என்று அவர் மனைவி சொல்வார்.

கொக்கியின் வேலை சுத்தமானது. அவர் கட்டிய கம்பியின்மேல் ஏறி நின்று குதித்துப் பார்க்கச் சொல்வார். குதித்திருக்கிறேன். அசையாது.

கான்கிரீட் தளம் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அடியில் பலகை அடிப்பார்கள். அதன்மேல் கம்பியைக் கட்டம் கட்டமாகப் பரப்பிக் கட்டுவார்கள். பிறகு கான்கிரீட் கொட்டுவார்கள். இதில் கம்பி பலகையைத் தொடக்கூடாது, முக்கால் அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். அப்போதுதான் கான்கிரீட் கம்பிக்குக் கீழேயும் புகுந்து அதைச் சுற்றி மூடும். மூடினால் காற்றும் ஈரமும் அண்டாது, துரு பிடிக்காது. இருபத்து நாலு வீட்டின் கதை முடிந்தது இந்த முக்கால் அங்குலத்தில்தான்.

ஒப்பந்தக்காரர்கள் வேலையில் அந்த முக்கால் அங்குலத்துக்கு என்ன செய்வார்கள்? கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லிக்கல்லைச் செருகுவார்கள். சட்டி தூக்குகிறவர்கள் மேலே நடந்ததும் கல் உருண்டு ஓடும், கம்பி பலகையில் படுத்துக்கொள்ளும், படுத்தபடியே இறுகிவிடும். மேற்பார்வையாளன் நிழலில் நின்று பீடி குடிப்பான். கொக்கி இதை நூறு தடவை பார்த்து வயிறெரிந்தவர். அப்படிப் படுத்த கம்பி துருவேறி ஒரு கிடங்கின் கூரை பெயர்ந்து, அவர் கூட்டாளியான ஒரு கொத்தனாரின் தோளை உடைத்தது. அன்றிலிருந்து அவருக்கு ஜல்லிக்கல் என்றாலே ஆகாது.

அந்தச் சமயத்தில்தான் சங்கம் வீடு கட்ட இறங்கியது. ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர்கள் தகரத்துக்கு அடியில் கிடந்தார்கள். போராடி, அடிபட்டு, கடலிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு நிலம் வாங்கினோம். ஒப்பந்தக்காரன் வேண்டாம், நாமே கட்டிக் காட்டுவோம் என்று தீர்மானம் போட்டோம். மூன்று தளம், இருபத்து நாலு வீடு. விடுமுறை நாள் முழுக்க அங்கேதான்.

படிப்பு முடித்து இரண்டு வருஷம் ஆன ஒரு பெண் பொறியாளர் கூலி வாங்காமல் வரைபடம் போட்டுக் கொடுத்தாள். ஜல்லி வேண்டாம், சிமெண்டிலேயே சின்னச் சின்னக் கட்டைகள் வார்த்து அடியில் வைக்கலாம் என்றாள். வார்த்தோம். ஒரு வாரம் தண்ணீரில் ஊற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்களுக்கு ஏது ஒரு வாரம்? இரண்டாம் நாளே எடுத்து வைத்தோம். மிதித்ததும் பொடிப்பொடியாகப் போயிற்று.

கொக்கி மிச்சம் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கி வெட்டினார். ஒவ்வொன்றையும் வளைத்து ஒரு குட்டிக் கால் மாதிரி செய்தார், கீழே பாதத்தோடு. அதைக் கம்பிக்கு அடியில் வைத்துக் கட்டினார். நீளத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்று, அகலத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்று. நாலு ஆள் ஏறி ஆடினோம். ஒரு நூல் இறங்கவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்து குனிந்து பார்த்தாள். "அண்ணே, இந்தக் காலோட பாதம் பலகையைத் தொடுதே. பலகையைக் கழட்டினா அது வெளிய தெரியும். அது வழியாத் துரு ஏறும்ணே."

"தெரிஞ்சா கொத்தனாரு பூசிட்டுப் போறாரு."

"பூச்சு காப்பாத்தாதுண்ணே. கடல் காத்து வேற."

"இங்க பாரும்மா. கல்லு உருளுது. உன் கட்டை பொடியாகுது. கம்பி என்ன பண்ணும்? கம்பியைக் கம்பி தாங்கும். அண்ணனைத் தம்பி தாங்கற மாதிரி."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார். அன்று மாலை கூட்டத்தில், சங்கத்தின் பேச்சாளனான நான் ஒலிபெருக்கியைப் பிடித்து, "படித்தவர்கள் காகிதத்தில் கட்டுகிறார்கள், நாங்கள் கையால் கட்டுகிறோம்" என்று முழங்கினேன். அந்தப் பெண் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நாங்களும் தேடவில்லை. உண்மையைச் சொன்னால், தொல்லை விட்டது என்றிருந்தது.

நாலாயிரத்துச் சொச்சம் கால். கொக்கியும் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து வளைத்தார்கள். எட்டு வயது மகள் கூடையில் எண்ணிப் போட்டாள். திறப்பு நாளுக்கு நான் ஒரு துண்டறிக்கை எழுதினேன். "எஃகுக் கால்களில் நிற்கிறது உழைப்பாளி வீடு" என்று தலைப்பு. காலின் படத்தையும் போட்டு, எப்படி வளைப்பது என்று விளக்கமும் எழுதி, ஐயாயிரம் அடித்தோம். அதில் ஒன்றைச் சட்டம் போட்டுக் குடியிருப்பு அலுவலகத்தில் மாட்டினார்கள்.

கொக்கிக்குத் தரைத்தளத்தில் வீடு. மகள் வளர்ந்து, அதே கட்டடத்தின் மேல்தளத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பேருந்து ஓட்டுகிறவர். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. கொக்கி தினமும் இரண்டு மாடி ஏறிப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். அவர் வாழ்க்கையில் அவருக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

இருபத்தேழாவது வருஷம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் மல்லாந்து படுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆயுள் முழுக்கக் குனிந்தே வேலை செய்த மனுஷன் முதல் தடவையாகத் தன் வீட்டுக் கூரையை நிதானமாகப் பார்த்தார். மத்தியான வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும் நேரம். வெள்ளைச் சுண்ணாம்புக்கு அடியில் பழுப்பாகச் சில புள்ளிகள்.

"ஏய், மேல பாரு" என்றார் மனைவியிடம்.

"என்ன, பல்லியா?"

"புள்ளி."

"மேல் வீட்டுக்காரி வாளி வாளியா ஊத்திக் கழுவறா. ஈரம் இறங்கியிருக்கும்."

"ஈரம் ஸ்கேல் வச்சுக்கிட்டா இறங்கும்?"

மனைவி நிமிர்ந்து பார்த்தார். ஒன்றரை அடிக்கு ஒரு புள்ளி. வரிசை பிசகாமல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும்.

மருத்துவர் சொன்னதை விட்டுவிட்டு அவர் எழுந்தார். நாற்காலி மேல் ஏறி, கொக்கியின் பிடியால் கூரையைத் தட்டினார். நல்ல கான்கிரீட்டைத் தட்டினால் டங்கென்று கேட்கும். அங்கே டொக்கென்று கேட்டது. துரு ஊதும். ஊதிக் கான்கிரீட்டை உள்ளேயிருந்தே பிளந்து தள்ளும். பிளந்த இடம் பொள்ளலாகச் சத்தம் போடும். தட்டிக்கொண்டே போனார். பாதி அறை டொக்.

நேரே மேல்தளத்துக்கு ஏறினார். மகள் வீட்டுக்கு மேலே இருப்பது மொட்டைமாடி. இருபத்தேழு வருஷ மழையும் கடல் காற்றும் அந்தத் தளத்தில்தான். பேத்தியின் கட்டிலுக்கு நேர் மேலே, ஒரு கதவு அகலத்துக்கு, டொக். கட்டிலை இழுத்துச் சுவரோரம் போட்டார்.

மறுநாள் போனால் கட்டில் பழைய இடத்துக்கே வந்திருந்தது.

"ஏம்மா திரும்ப நகத்தின?"

"சுவரோரம் காத்தே வரல. புள்ள வேர்த்து நனைஞ்சிட்டா."

"மேல பொள்ளலா இருக்கும்மா. விழுந்துடும்."

மகள் சிரித்தாள். "இடுப்பு வலி தலைக்கு ஏறிடுச்சாப்பா உனக்கு? கூடையில எண்ணி எண்ணிப் போட்டவ நானு. 'உன் வீட்டுக்குக் கால் முளைக்குதுடி'ன்னு சொன்னியே. இப்ப அது விழும்ங்கற."

"அந்தக் காலாலதான்மா விழும்."

"அம்மாகிட்டச் சொல்லி உனக்கு ஒழுங்கா மாத்திரை குடுக்கச் சொல்றேன்."

மாப்பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டார். "மாமா, ஊருல எல்லாரும் உங்க வீட்டைப் பத்திப் பெருமையா பேசறாங்க. நீங்க மட்டும் ஏன் இப்படி?"

இதுதான் கொக்கி மாட்டிக்கொண்ட இடம். கட்டடம் கெட்டுவிட்டது என்று அவர் சொல்லச் சொல்ல, எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். குடியிருப்புச் செயலாளர் சுவரில் தொங்கிய என் துண்டறிக்கையைக் காட்டினார்.

"அண்ணே, நீங்க கட்டினது. உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னா எப்படி? வருஷா வருஷம் வெள்ளை அடிக்கிறோமே, இன்னும் என்ன?"

"நீ அடிக்கிறது வெள்ளை இல்லப்பா. பொணத்துக்குப் போத்தற துணி."

"சரிண்ணே, இந்தத் தடவை ரெண்டு கோட்டா அடிச்சிடறேன்."

என்னிடமும் வந்தார். "தோழர், நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். நான் என்ன சொன்னேன்? வயதான கட்டடம், நாலு இடத்தில் பூசினால் சரியாகும் என்றேன். "நீங்களும் பூசுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் நான் அந்தப் பொறியாளரைத் தேடக் கிளம்பினேன். இருபத்தேழு வருஷம் தாமதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்கூட்டம். கொக்கி எழுந்து, "பேச ஒண்ணுமில்ல, எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க" என்றார். அறைக்குள் நுழைய முடிந்தவர்கள் நுழைந்தார்கள், மற்றவர்கள் ஜன்னலில் தொற்றினார்கள். அவர் மனைவி முன்னாலேயே மெத்தையைச் சுருட்டி எடுத்துவிட்டு மூலையில் நின்றார். கொக்கி உளியை ஒரு புள்ளியின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றே ஒன்று. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து கட்டில் சட்டத்தில் விழுந்து உடைந்தது. ஜன்னலில் இருந்த ஒருவர் "ஐயோ" என்றார்.

உள்ளே அவர் வைத்த கால் தெரிந்தது. விரலால் பிடித்ததும் பழைய செய்தித்தாள் மாதிரி ஏடு ஏடாகக் கழன்று வந்தது. அதற்கு மேலே, அது தாங்கிக்கொண்டிருந்த கம்பி. சுண்டுவிரல் பருமனுக்குப் போட்டது. பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சி அளவுக்கு வந்திருந்தது.

"பாத்துக்குங்க" என்றார் கொக்கி. "ஒப்பந்தக்காரன் பண்ணல. சிமெண்டு மோசமில்ல, மணல் மோசமில்ல. நான் வச்ச காலு. ஈரம் இது வழியா ஏறி மேல் கம்பிக்குப் போயிருக்கு. அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லுச்சு. நான் கேக்கல. ஒன்றரை அடிக்கு ஒண்ணு வச்சிருக்கேன். உங்க எல்லாரு தலைக்கு மேலயும்."

முதலில் அடுத்த வீட்டுப் பெண் ஆரம்பித்தார். "உன்னை நம்பி இந்தக் கூரைக்குக் கீழ மூணு புள்ளைங்களத் தூங்க வச்சேனே, பாவி."

"இருபத்தேழு வருஷமா உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாமத்தான் குதிச்சுப் பாருங்கன்னு காட்டினியா?"

புகழ்ந்த வாய்கள்தான் எல்லாம். அரை மணி நேரத்தில் அந்த அறையில் "கொக்கி" செத்துப்போய், "வீட்டைத் தின்னவன்" பிறந்தாயிற்று. செயலாளர்தான் அந்தப் பெயரை முதலில் சொன்னார் என்று நினைக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற மகள் மாடி ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரமே, நான் தேடிக் கண்டுபிடித்த அந்தப் பொறியாளர் வந்தார். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, பெரிய பதவியில் இருக்கிற அம்மா. பதினோரு வீட்டில் தட்டிப் பார்த்தார். மொட்டைமாடித் தளத்துக்கு அடியில் நின்றபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதினஞ்சு நாள்ல எல்லாரும் காலி பண்ணணும். மேல் மாடி முதல்ல."

கொக்கி அவர் முன்னால் கைகட்டி நின்றார். "அன்னிக்கு நீங்க சொன்னீங்கம்மா."

"சொன்னேன். கட்டையை ஊற வைங்கன்னு பக்கத்துல நின்னு கத்தியிருக்கணும். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அப்ப இருபத்து நாலு வயசு, அண்ணே."

ஒருவர் பின் ஒருவராகக் காலி செய்தார்கள். படியில் அலமாரி இறக்கும்போதெல்லாம் ஒருவர் கொக்கி வீட்டு வாசலைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனார். பதினைந்தாம் நாள் ஒரே ஒரு வீட்டில் மட்டும் துணி காய்ந்துகொண்டிருந்தது. மகள் வீடு. அப்பா பெயரைக் கெடுத்துக்கொண்டது போதும், நானும் பயந்து ஓடினால் அது உண்மையாகிவிடும் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். பிடிவாதம் அப்பனிடமிருந்து வந்தது, வேறென்ன.

கொக்கி மேலே போனார். வாதாடவில்லை. பேத்தியைத் தூக்கி அவள் பாட்டியிடம் கொடுத்துக் கீழே அனுப்பினார். பிறகு குழந்தையின் கட்டிலில், அந்தப் பொள்ளலுக்கு நேர் கீழே, கால் மடக்கிப் படுத்துக்கொண்டார்.

"என்னப்பா பண்ற?"

"விழும்போது யாராவது கீழ இருக்கணும்ல. நான் வச்சது, நானே இருக்கேன்."

"எழுந்திருப்பா. அசிங்கமா இருக்கு."

"நீ கிளம்பு, எழுந்திருக்கறேன்."

இரண்டு நாள் படுத்திருந்தார். சாப்பாடு கொண்டுபோன நான் வாசற்படியோடு நின்று கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கூரைக்குக் கீழே போகப் பயம். தெருவில் கூட்டம் சேர்ந்து, மாமனார் நாடகம் போடுகிறார் என்று மாப்பிள்ளையின் காது படச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் காலை மகள் மூட்டை கட்டினாள். கட்டிலை மட்டும் விட்டுவிட்டாள். அதில் அப்பா படுத்திருந்தாரே.

படியிறங்கும் முன் திரும்பி நின்றாள். "ஜெயிச்சிட்ட. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத. புள்ளயையும் கேக்காத."

அவர் எழுந்து உட்கார்ந்து, சரி என்று தலையாட்டினார்.

இடிக்க இயந்திரம் வந்தது. தூண்கள் லேசில் விழவில்லை. தூணில் கால் கிடையாது, கம்பி நடுவில் பத்திரமாக இருந்தது. பதினோரு நாள் முட்டி முட்டித்தான் சாய்த்தார்கள். வேடிக்கை பார்க்க எல்லாரும் வந்தார்கள்.

"பாத்தியா, யானை முட்டற மாதிரி முட்டுது, அசையல. இதையா விழும்னான்?"

"தூண் வேற, தளம் வேறப்பா" என்றார் கொக்கி. யார் காதிலும் விழவில்லை.

இடிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் காலை, இயந்திரம் கிளம்புவதற்கு முன்பே, மகள் வீட்டு அறைக்கு மேலிருந்த தளம் உள்ளே விழுந்து கிடந்தது. கட்டில் அதற்கடியில் தட்டையாக. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. முந்தின நாள் இயந்திரம் ஆட்டிய ஆட்டத்தில் விழுந்தது என்றார்கள். இருக்கலாம். இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவராலும் முடியாது. யார் தலையிலும் விழவில்லை, அதனால் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிட்டது. ஒரு பிணம் விழுந்திருந்தால் நம்பியிருப்பார்கள். யாரோ கட்டடக்காரனுக்கு நிலத்தைப் பிடித்துக் கொடுக்கத்தான் கிழவன் கிளப்பிவிட்டான் என்று செயலாளர் சொல்லிக்கொண்டு திரிகிறார். நிலம் அப்படியே கிடக்கிறது. புல் முளைத்திருக்கிறது.

என் துண்டறிக்கையைப் பார்த்து வேறு இரண்டு ஊர்ச் சங்கங்கள் தாங்களும் கம்பிக்கால் வைத்துக் கட்டியதாக அந்தக் காலத்தில் எழுதியிருந்தன. கூரையைத் தட்டிப் பாருங்கள் என்று இரண்டுக்கும் இப்போது எழுதினேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது. வெள்ளி விழா மலரில் போட வேண்டுமாம், அந்தத் துண்டறிக்கையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

கொக்கியும் மனைவியும் சந்தை வீதிக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். மகள் வீடு நாலு நிறுத்தம் தள்ளி. எட்டு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. அம்மா மட்டும் போய்வருவார்.

போன மாதம் ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தபோது மனைவி வெளியிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றாமலே சொன்னார். "உங்களைக் கூப்பிட்டா."

"யாரு?"

"யாரு கூப்பிடுவா? வேற வீடு மாத்தறாங்களாம். புள்ளைக்குக் கட்டில் போடணுமாம்."

அவர் எழுந்தார். கொக்கி இடுப்பில்தான் இருந்தது. என்னையும் வரச் சொல்லி ஜாடை காட்டினார்.

புது வீட்டில் சாமான் எதுவும் இன்னும் வரவில்லை. மகள் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பேத்தி அவள் காலைக் கட்டிக்கொண்டு தாத்தாவைப் பார்த்தாள். நடுவில் ஒரு ஸ்டூல் மட்டும் போட்டிருந்தது. கொக்கி அதன்மேல் ஏறினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி, ஒன்றரை அடிக்கு ஒரு தட்டாக அறை முழுவதும் தட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"எப்படி இருக்குன்னு கேளும்மா" என்றாள் மகள் அம்மாவிடம்.

"டங்குன்னு இருக்குன்னு சொல்லு" என்றார் அவர் மனைவியிடம். "கதவுக்கு மேல மட்டும் சந்தேகம். கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொல்லு. காத்தும் வரும்."

மகள் தலையாட்டினாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. அவர் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசற்படியை மிதிக்காமல் தாண்டி வெளியே வந்தார்.